ஒரே நெருப்பில் நான்கு இறைச்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மே மாதக் கடைசியில் வந்த நீண்ட வார விடுமுறையில், எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டு நெஞ்சுக்கறி (பிரிஸ்கெட்), பன்றி விலா, ஆட்டுச் சப்பை, கோழி நான்கையும் ஒரே ஸ்மோக்கரில் புகையூட்டிச் சமைத்ததைச் சென்ற இதழில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அந்த அரைப் பக்கத்துக்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. எனவே குழம்பு, ரசம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை புகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டெக்சஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் 19 ஆண்டுகளாக வசிக்கிறேன். 14 ஆண்டுகளாக விறகு ஸ்மோக்கரில் சமைக்கிறேன். கீழே டிகிரி என்று நான் எழுதுவதெல்லாம் ஃபாரன்ஹீட். முக்கியமான இடங்களில் செல்சியஸும் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: புதிதாக ஆஃப்செட் ஸ்மோக்கர் (நெருப்புப் பெட்டி பக்கவாட்டில் தனியாக இருக்கும் வகை) வாங்கியிருக்கிறேன். மகனின் பட்டமளிப்புக்கு 30 பேரை மாலை 6 மணிக்குச் சாப்பிட அழைத்திருக்கிறோம். பிரிஸ்கெட், பன்றி விலா, கோழி, சாசேஜ் நான்கும் செய்ய ஆசை. காலையில் எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளே வைத்துவிடலாமா?
– டாலஸ் வாசகர்

வைக்காதீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இலைக்கு வர வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் அடுப்புக்குப் போக வேண்டும்.

முதல் ஆண்டில் நான் நீங்கள் நினைப்பதைத்தான் செய்தேன். காலை 7 மணிக்கு எல்லாவற்றையும் அடுக்கி மூடினேன். முற்பகலிலேயே கோழி வெந்துவிட்டது. ஆட்கள் வரும்வரை அது உள்ளேயே கிடந்து காய்ந்து, தோல் ரப்பரைப் போல இழுத்தது. பிரிஸ்கெட்டோ மாலை 5 மணிக்கு 160 டிகிரியில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பார்த்தும் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. பதற்றத்தில் விறகை அள்ளிப் போட்டேன். வெள்ளைப் புகை திரண்டு எழுந்து, கறி முழுவதும் கசப்பேறிவிட்டது. இரவு 10 மணிக்குப் பரிமாறினேன். அதற்குள் குழந்தைகள் ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். நண்பர் ஒருவரின் வயதான தந்தை அந்தக் கசந்த கறியை ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார். அந்தப் பெரியவருக்கு நல்ல கறி போட வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வைத்தது. அடுத்த ஆண்டு அவரை மறுபடியும் அழைத்துப் போட்டேன்.

இனி, ஏன் அப்படி நடந்தது என்று பார்ப்போம். பிரிஸ்கெட் என்பது மாட்டின் மார்புத் தசை. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. அதனால் முன்னுடம்பின் பாரத்தைத் தாங்குவதில் இந்தத் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. நாளெல்லாம் பாரம் சுமந்த தசையில் கொலாஜன் என்ற கெட்டியான நார்ப்பொருள் நிறைந்திருக்கும். ஏறத்தாழ 160 டிகிரிக்கு மேல் அது மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறும். அந்த மாற்றத்துக்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பிரிஸ்கெட்டை 203 டிகிரி வரை, அதாவது 95 செல்சியஸ் வரை கொண்டுபோவது அதற்காகத்தான். கோழி நெஞ்சில் கரைய வேண்டிய நார் ஒன்றும் பெரிதாக இல்லை. அதை 165 டிகிரியைத் தாண்டி விட்டால் சாறு வற்றுவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

பிரிஸ்கெட் நடுவில் நின்றுவிடுவது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போன்ற சங்கதி. கறியிலிருந்து கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அடுப்பு எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவையும் ஆவி இறக்கிவிடுகிறது. அடுப்பும் கெடவில்லை, கறியும் கெடவில்லை. மேல்பரப்பு நன்றாகக் கருத்து, விரல் நகத்தால் சுரண்டினால் வராத அளவுக்குப் பொருக்குப் பிடித்திருந்தால், கசாப்புக் கடைத் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். ஆவி வெளியேற வழி குறையும், வெப்பம் மறுபடி ஏறும்.

உங்கள் விருந்துக்கு மாலை 6 மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 13 பவுண்டு பிரிஸ்கெட், சுமார் 6 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். கொழுப்பைச் சீவியபின் 250 டிகிரியில் ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். எடுத்த பிறகு குறைந்தது 2 மணி நேரம் ஆற விட வேண்டும். ஆகவே இரவு 1 மணிக்கு நெருப்பு மூட்டி, 2 மணிக்கு பிரிஸ்கெட்டை வையுங்கள். விறகு ஸ்மோக்கரை முக்கால் மணி நேரத்துக்கு மேல் கவனிக்காமல் விட முடியாது. மகனுக்குத்தானே விருந்து, விடியும்வரை ஒரு முறையை அவனிடம் கொடுங்கள். பகல் 2 அல்லது 2.30 மணிக்கு பிரிஸ்கெட் வெளியே வந்துவிடும். அதைத் தாளோடு பழைய துண்டுகளில் பொதிந்து, ஐஸ் போடாத ஐஸ் பெட்டிக்குள் மூடி வைத்தால் நான்கு மணி நேரம் ஆனாலும் கையைச் சுடும். இந்தப் பெட்டிதான் உங்களுக்கு உயிர்நாடி. பிரிஸ்கெட் ஒரு மணி நேரம் முந்தி முடிந்தாலும், ஒரு மணி நேரம் பிந்தினாலும் அந்த வித்தியாசத்தைப் பெட்டி ஏற்றுக்கொள்ளும்.

பன்றி விலா காலை 11.30 மணிக்கு உள்ளே போக வேண்டும். மூன்று மணி நேரம் புகை, பிறகு அலுமினியத் தாளில் சுற்றி இரண்டு மணி நேரம். பிரிஸ்கெட் வெளியே வந்து இடம் காலியானதும் நெருப்பை ஏற்றி 325 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தாளில் சுற்றிய விலாவை நெருப்பிலிருந்து தொலைவில், புகைபோக்கிப் பக்கம் நகர்த்துங்கள். கோழியை முதுகெலும்போடு இரண்டாகப் பிளந்து, மாலை 4 மணிக்கு நெருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், தோல் மேலே பார்க்க வையுங்கள். இந்தச் சூட்டில்தான் தோல் மொறுமொறுக்கும். 225 டிகிரியில் ஒருபோதும் மொறுமொறுக்காது. சாசேஜுக்குக் கடைசி ஒரு மணி நேரம் போதும், 4.45 மணிக்குப் போடலாம். நான் எல்ஜின் ஊர்ச் சாசேஜ் வாங்குகிறேன். இங்கிருந்து பக்கம்தான்.

ஒரே அடுப்பில் சூடான இடம், மிதமான இடம் என்று பிரித்துக் கறியை நகர்த்திக்கொண்டே இருப்பதை நான் லாக்ஹார்ட்டில் பார்த்துக் கற்றேன். 1999இல் டெக்சஸ் சட்டமன்றம் மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று தீர்மானம் போட்ட ஊர் அது. 1900இல் கறிக்கடையாகத் தொடங்கிய கிரைட்ஸ் மார்க்கெட், 1932இல் தொடங்கிய பிளாக்ஸ் இரண்டும் அங்கேதான். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வந்து குடியேறிய கசாப்புக்காரர்கள், விற்காமல் மிஞ்சிய கறியைக் கெடாமல் காக்கப் புகை போட்டு, சாசேஜோடு சேர்த்துத் தாளில் வைத்து எடைக்கு விற்றார்கள். மாநிலத்தின் கிழக்கே கறுப்பின மக்கள் அதற்கு முன்பிருந்தே குழி தோண்டி இறைச்சி வாட்டினார்கள். இந்த இரண்டு மரபையும் சேர்த்துத்தான் டெக்சஸ் பார்பிக்யூ. லாக்ஹார்ட்டில் செங்கல்லால் கட்டிய நீள அடுப்பின் ஒரு முனையில் விறகு எரியும். அடுப்புக்காரர் மூடியைத் தூக்குவார், கையால் தொட்டுப் பார்ப்பார், ஒரு துண்டை அரை அடி தள்ளி வைப்பார், மூடுவார். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். விறகடுப்பில் குழம்புச் சட்டியைத் தணலுக்கு ஓரமாக என் பாட்டி நகர்த்துவதைப் பார்ப்பது போலவே இருந்தது.

கேள்வி: விறகுத் துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டுமா?
– நியூ ஜெர்சி வாசகி

வேண்டாம். மரத்துக்குள் தண்ணீர் அதிகம் இறங்குவதில்லை. மேலே ஒட்டிய நீர் ஆவியாகும்வரை நெருப்புதான் சோர்ந்துபோகும். காய்ந்த விறகு, நல்ல காற்றோட்டம், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் மெல்லிய நீலப் புகை. இவை போதும்.

கேள்வி: அதே நியூ ஜெர்சியிலிருந்து: இங்கே அடிக்கடி மழை. கராஜுக்குள் வைத்துக் கதவைத் திறந்து வைத்தால் ஆபத்து இல்லையே?

ஆபத்து உண்டு, உயிருக்கே ஆபத்து. கரியும் விறகும் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. கதவு திறந்திருந்தாலும் கராஜில் அது தேங்கும், வீட்டுக்குள்ளும் புகும். மழை பெய்தால் விருந்தை மறுநாளைக்கு மாற்றுங்கள், அல்லது உள்ளே ஓவனில் சமைத்துப் போடுங்கள். கராஜ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டு விருந்துக்கு மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் வருவார்கள், பன்றி சாப்பிடாத முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள். ஒரே ஸ்மோக்கரில் கோழியைத் தனித் தட்டில் வைத்தால் போதுமா? புகை எல்லாவற்றிலும் ஒன்றுதானே?
– ஹூஸ்டன் வாசகி

போதாது தங்கச்சி. கேட்டது மிகவும் நல்லது. இதைக் கேட்காமலேயே சமைத்துவிடுகிறவர்கள் அதிகம்.

மூடிய ஸ்மோக்கருக்குள் கொழுப்பு உருகிச் சொட்டும், சூடான தகட்டில் பட்டு ஆவியாகி மேலேயும் போகும். சென்ற வாரம் வைத்த பன்றி விலாவின் கொழுப்பு இந்த வாரக் கம்பியிலும் மூடியின் உட்புறத்திலும் படிந்திருக்கும். தட்டு தனியாக இருந்தாலும் காற்று ஒன்றுதான். அது தீட்டா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை சமைக்கிற நமக்கு இல்லை, சாப்பிடுகிறவருக்குத்தான் உண்டு.

எங்கள் வீட்டில் ஒருமுறை, என் கணவரோடு வேலை செய்யும் ஒரு நண்பர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் கோழி தனி அடுப்பில் செய்ததா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுச் சாலட்டும் சோறும் மட்டும் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தவர் பசியோடு போகிறாரே என்று எனக்கு அன்று தொண்டையில் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு சிறிய உருண்டை கிரில் வாங்கினேன். அதில் மாடும் பன்றியும் இதுவரை ஏறியதில்லை, இனியும் ஏறாது. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே ஒரு விறகுத் துண்டைப் போட்டு, கோழியை மறுபக்கம் வைத்து மூடினால் அதுவே சின்ன ஸ்மோக்கர். அதற்கென்று கத்தி, பலகை, இடுக்கி எல்லாம் தனி. கைப்பிடியில் பச்சை நாடா சுற்றியிருக்கிறேன். முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் அந்தக் கோழியும் ஆட்டுக்கறியும் ஹலால் கடையில் வாங்கியவை. அடுப்பு தனியாக இருந்து கறி ஹலால் இல்லையென்றால் பயனில்லை. வேகும்போது கறியின் மேல் தடவும் சாறிலும் கவனம் வேண்டும். பியரோ ஒயினோ கலந்த எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. சைவ விருந்தினருக்குச் சோளமும் பனீரும் இந்த கிரில்லில் கறி ஏறுவதற்கு முன்னாலேயே, கழுவிய தனிக் கம்பியில் வாட்டி எடுத்துவிடுகிறேன். அதையும் ஏற்காதவர்களுக்குச் சமையலறையில் செய்த சாதம் தயாராக இருக்கும்.

பரிமாறும்போது, "இந்த மேசையில் மாடும் பன்றியும், அந்த மேசையில் தனி அடுப்பில் செய்த ஹலால் கோழியும் ஆடும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது நிமிர்ந்து நிற்கும் உருளை ஸ்மோக்கர், மேலே ஒரு கம்பித் தட்டு, கீழே ஒரு கம்பித் தட்டு. கோழி மேலேயா, பிரிஸ்கெட் மேலேயா? கோழிச் சாறு மாட்டுக்கறிக்கு ருசி தரும் என்கிறாரே என் மைத்துனர்?
– டொரான்டோ வாசகர்

பச்சைக் கோழி எப்போதும் கீழே. கோழிக்கு 165 டிகிரி, 74 செல்சியஸ் வந்தால்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு. முழுத் துண்டாக இருக்கும் மாடு, பன்றி, ஆட்டுக்கு 145 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும். அரைத்த கறிக்கு 160. அதிக வெப்பம் வேண்டிய இறைச்சி கீழே இருந்தால், மேலிருந்து சொட்டுவது எதுவானாலும் அதனோடு சேர்ந்தே வெந்துவிடும். தலைகீழாக வைத்து, முடியும் தறுவாயில் இருக்கும் பிரிஸ்கெட்டின் மீது பச்சைக் கோழியின் நீர் சொட்டினால், ஆபத்தை நாமே ஊற்றிக்கொடுத்ததாகும். உங்கள் மைத்துனர் தேடும் ருசி வேண்டுமென்றால் மாட்டுக் கொழுப்பு கோழியின் மேல் சொட்டட்டும். அந்தக் கோழி உண்மையிலேயே அருமையாக இருக்கும்.

இந்த வகை ஸ்மோக்கரில் மேல் தட்டுதான் பெரும்பாலும் கூடுதல் சூடு. அதனால் கீழே இருக்கும் கோழி சற்றுத் தாமதமாகும். வெந்த பிறகு பிரிஸ்கெட்டை இறக்கிவிட்டு, நெருப்பைக் கூட்டி, கோழியை மேலே ஏற்றிப் பத்து நிமிடம் தோலை முறுக வையுங்கள். இன்னொன்று: பச்சைக் கோழியில் குத்திய வெப்பமானி ஊசியைத் துடைக்காமல் பிரிஸ்கெட்டில் குத்தாதீர்கள். கறியைச் சரியாக அடுக்கிவிட்டு ஊசியில் கோட்டை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. வேகவில்லை என்று மாமியார் தொட மறுக்கிறார்.
– சான் ஹோசே வாசகி

விளிம்பிலிருந்து கால் அங்குலம் வரை வளையமாகச் சிவந்திருந்தால் அது புகை வளையம். விறகு எரியும்போது எழும் நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு வாயுக்கள் இறைச்சியின் மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைநிறுத்திவிடுகின்றன. எத்தனை மணி நேரம் வெந்தாலும் அது மாறாது. கோழி எலும்பை ஒட்டியும் அப்படிச் சிவக்கும். ஆனால் நிறத்தை வைத்து வெந்தது என்றும் சொல்லக் கூடாது, வேகவில்லை என்றும் சொல்லக் கூடாது. தொடையின் தடித்த பாகத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தி, அது காட்டும் அளவை உங்கள் அத்தையிடமே காட்டுங்கள். நான் தொடைப் பகுதியை 175 டிகிரிக்கும் மேலே கொண்டுபோவேன். பாதுகாப்புக்கு 165 போதும். ருசிக்கு அது போதாது.

கேள்வி: அமெரிக்கர்கள் மாட்டையும் பன்றியையும்தான் கொண்டாடுகிறார்கள். நம் ஆட்டுக்கறிக்கு ஸ்மோக்கரில் இடம் உண்டா?
– ஆஸ்டின் வாசகர்

உண்டா என்றா கேட்கிறீர்கள்? நீங்கள் குடியிருக்கும் மாநிலம்தான் அமெரிக்காவிலேயே அதிக ஆடு வளர்க்கும் மாநிலம். டெக்சஸின் நட்ட நடுவில் உள்ள பிரேடியில் ஒவ்வோர் ஆண்டும் தொழிலாளர் தின வார இறுதியில் வெள்ளாட்டுக் கறிக்கென்றே உலக பார்பிக்யூ போட்டி நடக்கிறது. கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் பார்பிக்யூ என்றாலே செம்மறி.

என் தாத்தா திண்டுக்கல் பக்கம் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தவர். சப்பை, கழுத்து, தொடை, நெஞ்செலும்பு என்று ஒவ்வொன்றும் எந்தச் சமையலுக்கு என்பது எனக்குப் பத்து வயதிலேயே பழக்கம். ஸ்மோக்கருக்கு வாங்க வேண்டியது முன்னங்கால் சப்பை, எலும்போடு. அதிலே நாரும் உண்டு, இடையிடையே கொழுப்பும் உண்டு. தொடை பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் கொழுப்பில்லாத கறி, ஐந்து மணி நேரம் புகையில் நின்றால் விறைத்துவிடும். தொடையைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பவுண்டு சப்பைக்கு முதல் நாள் இரவே உப்பைத் தேய்த்து ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்துவிடுவேன். காலையில் ஒன்றிரண்டாக உடைத்த மிளகும், வறுத்துப் பொடித்த மல்லியும், கொஞ்சம் சீரகமும் தடவுவேன். இஞ்சி பூண்டு விழுது, தயிர் இரண்டும் நீண்ட புகைக்கு ஒத்துவராது. விழுது கருகும், தயிர் பூசிய இடத்தில் பொருக்குப் பிடிக்காது. 250 டிகிரியில் மூன்று மணி நேரம். பிறகு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, இரண்டு கரண்டி நல்லெண்ணெயோடு அலுமினியத் தாளில் பொதிந்து மேலும் இரண்டு மணி நேரம். 200 டிகிரியில் எலும்பு தானாகக் கழன்றுவரும். தாளில் தேங்கிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், வெங்காயத்தோடு பிசைந்து கறியின் மேலேயே ஊற்றுங்கள். ஆட்டுக்கு மாட்டைவிட மென்மையான புகை வேண்டும். நான் பீகன் மரம் போடுகிறேன். டெக்சஸின் மாநில மரமே அதுதான், கொல்லையில் கிளை முறிந்தால் எறியாதீர்கள், காய வையுங்கள்.

கேள்வி: ஓக், ஹிக்கரி, பீகன் என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் எந்த மரத்தைப் போடுவது? பழைய பீப்பாயை வெட்டி ஒரு ஸ்மோக்கர் செய்துவைத்திருக்கிறேன்.
– பரமக்குடி வாசகர்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. டெக்சஸ்காரர்கள் கடைகளில் காசு கொடுத்து வாங்கும் மெஸ்கீட் மரம், உங்கள் ஊரைச் சுற்றிலும் வெட்ட வெட்ட முளைக்கும் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினமாக அறியப்பட்டவை. சீமைக் கருவேலமே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் மண்ணுக்கு வந்ததுதான். இராமநாதபுரம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்த மரத்தைக் கரியாக்கிப் பிழைக்கின்றன. நிலத்தடி நீருக்கும் விளைநிலத்துக்கும் அது செய்கிற கேடு தனி விஷயம். அடுப்பைப் பொறுத்தவரை அது அருமையான எரிபொருள்.

ஆனால் அதன் புகைக்குக் காரம் அதிகம். இங்கே மேற்கு டெக்சஸில் மெஸ்கீட்டைத் தணலாகும்வரை எரித்து, அந்தத் தணலின் மேல் கறியை வாட்டுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சீமைக் கருவேலங்கரியைச் சூட்டுக்கு வைத்துக்கொண்டு, புகை மணத்துக்கு மாமரத் துண்டோ கொய்யாத் துண்டோ ஒன்றிரண்டு போட்டால், ஐந்தாறு மணி நேரச் சமையலுக்கும் கசப்பு வராது. விறகு குறைந்தது ஆறு மாதம் காய்ந்ததாக இருக்கட்டும். முனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பெட்டி உடைத்த பைன் பலகை வேண்டாம், பிசின் புகை கறியைக் கெடுக்கும். வண்ணம் அடித்த கட்டை, பிளைவுட் இரண்டும் நஞ்சு. அரளிக் குச்சி தவறியும் கலந்துவிடக் கூடாது. அதன் புகையும் நஞ்சுதான்.

பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். ரசாயனமோ பூச்சிமருந்தோ இருந்தது என்றால் அது சமையலுக்கு ஆகாது. சமையல் எண்ணெய் இருந்த பீப்பாய் நல்லது. அதையும் முதலில் ஒரு நாள் வெறுமனே பெருந்தீ மூட்டி எரித்து, உட்பூச்சு முழுவதும் போன பிறகு சுரண்டி, எண்ணெய் தடவிப் பழக்குங்கள். துத்தநாகம் பூசிய வலையைக் கறி வைக்கும் கம்பியாகப் போடாதீர்கள்.

கேள்வி: அதே நேரத்தில் சால்மன் மீனையும் வைத்துவிடலாமா?
– சியாட்டில் வாசகி

நான் வைப்பதில்லை. மீன் எண்ணெய் சொட்டினால் அடுத்த இரண்டு விருந்துக்கு அந்த வாசனை அடுப்பில் நிற்கும். கட்டாயம் வேண்டுமென்றால் எல்லாக் கறியும் இறங்கிய பிறகு, தனித் தட்டில் வையுங்கள். உப்புநீரில் ஊறிய மீனைத் துடைத்து, மேலே தொட்டால் பசைபோல் ஒட்டும்வரை ஃபிரிட்ஜில் திறந்து காயவிட்டால் புகை நன்றாகப் பிடிக்கும். 225 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும். நீங்கள் இருக்கும் பகுதியின் பழங்குடி மக்கள் சால்மனுக்கு ஆல்டர் மரம் பயன்படுத்துவார்கள்; உங்களுக்கு அது பக்கத்திலேயே கிடைக்கும்போது வேறு மரம் தேட வேண்டியதில்லை.

கேள்வி: இத்தனை வகை செய்தால் நிறைய மிஞ்சிவிடுகிறது. எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்? மறுநாள் சூடு பண்ணினால் காய்ந்துபோகிறதே?
– அட்லான்டா வாசகி

40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும், அதாவது 4 முதல் 60 செல்சியஸுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கறியும் கிடக்கக் கூடாது. வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். உங்கள் ஊர்க் கோடையும் எங்கள் ஊர்க் கோடையும் அப்படித்தான். பிரிஸ்கெட்டை முழுவதும் வெட்டி அடுக்காதீர்கள். கேட்கக் கேட்க வெட்டுங்கள். வெட்டிய துண்டுதான் காயும். பெரிய துண்டாக மிஞ்சியதைச் சிறிய பொட்டலங்களாக்கி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் மைக்ரோவேவில் சுட வைக்காதீர்கள். மாட்டுக்கறி மிஞ்சினால் நான் அதை விரல் நீளத்துக்கு வெட்டிச் சுக்கா செய்வேன். எண்ணெய் தேவையில்லை, அதன் கொழுப்பே உருகி வரும். அதில் சோம்பு, கறிவேப்பிலை, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய். வெங்காயம் வதங்கியதும் கறியைப் போட்டு, தாளில் தேங்கிய சாற்றைத் தெளித்து மூடி, ஐந்து நிமிடம். கடைசியில் புதிதாகப் பொடித்த மிளகு. உப்பு போடும் முன் ருசி பாருங்கள், கறியில் ஏற்கெனவே இருக்கிறது. கோழி மிஞ்சினால் எலும்பை மட்டும் எடுத்து வைத்து, மறுநாள் மிளகு ரசத்துக்குச் சாறு காய்ச்சுங்கள்; புகை மணம் அதில் நன்றாக இறங்கும்.